செனெட் மண்டபமும் நாமும்

சென்னைக் கடற்கரைச் சாலையிலே, கூவம் கடலை அடையுமிடத்திற்குத் தெற்கே, செங்கல்லும் கருங்கல்லுமாய் எழுந்து நிற்கும் செனெட் மண்டபத்தைக் காணாத சென்னைவாசி அரியர். அதனுள்ளே புகுந்து கண்டவரோ அவரினும் அரியர். வழிப்போக்கர் பேருந்திலிருந்தபடியே தலையைத் திருப்பி அதன் குவிமாடங்களை நோக்குவர். படம் பிடிப்பார் படம் பிடிப்பர். பிறகு கடலை நோக்கிப் போய்விடுவர். நம் கல்லூரித் தோழர் பலரும் இவ்வகையினரே.

இம்மண்டபத்தைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சு இருவகைப்படும். இஃது ஆங்கிலேயர் தம் ஆட்சியின் பெருமையைக் காட்ட எழுப்பியது, நமக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பார் ஒரு சாரார். இதன் தூண்களைப் பாரீர், சிற்பங்களைப் பாரீர், இது முற்றும் நம் நாட்டுக் கலையே என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கட்டடத்தின் புறத்தே நின்று பேசுகின்றனர் என்பது என் கருத்து. ஒரு வீட்டை அறிய வேண்டின், அது யாருடைய பெருமைக்குரியது என்று கேட்பதற்கு முன்னே, அது எதன்பொருட்டுக் கட்டப்பெற்றது என்று கேட்டல் வேண்டும். நெற்களஞ்சியத்தைச் சமையலறை என்று எண்ணிக் குறை கூறுதல் முறையாகுமா?

1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட் என்பார் இலண்டனிலிருந்து விடுத்த கல்வித் திருமுகத்தின் பயனாக, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்த நாள் செப்டம்பர் 5. இம்மூன்றும் அக்காலத்து இலண்டன் பல்கலைக் கழகத்தை மாதிரியாகக் கொண்டவை. அம்மாதிரியின் இயல்பை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதே அரிது. அதற்கு வகுப்பறை இல்லை, பாடஞ் சொல்லும் ஆசிரியர் இல்லை, விடுதியும் இல்லை. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், தேறினார்க்குப் பட்டம் அளித்தல் என்னும் மூன்றே அதன் தொழில். கற்பிக்கும் பாரம் முழுவதும் கல்லூரிகளின் தோளில் ஏற்றப்பட்டது. அரசாங்கக் கல்லூரிகள் சிலவும், மிஷன் சங்கத்தார் நடத்திய கல்லூரிகள் பலவும், நம் நாட்டுப் பெருமக்கள் அறப்பொருளால் நிறுவியவை சிலவும் அப்பாரத்தைச் சுமந்தன. பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் திருச்சிராப்பள்ளியிலும் வேலூரிலும் பாதிரிமார்களும் நம்மவரும் மண்ணெண்ணெய் விளக்கொளியில் மாணாக்கரை ஆயத்தஞ் செய்ய, பல்கலைக் கழகம் வினாத்தாளைக் கையிலேந்திக் காத்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பல்கலைக் கழகமே பாடஞ் சொல்வதற்கும் ஆராய்ச்சி நடத்துவதற்கும் சட்டம் வழி திறந்துவிட்டது 1904-இலேதான்.

இந்தத் தேர்வுக் கழகத்தில் முதன்முதற் பட்டம் பெற்றவர் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பது நம்மில் எத்துணைப் பேர்க்குத் தெரியும்? சி. வை. தாமோதரம் பிள்ளையும், கறோல் விசுவநாத பிள்ளையுமே அவ்விருவர். வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனார் 1823-இல் நிறுவிய செமினரியிற் பயின்றவர் இவர்கள். கடல் கடந்து வந்து, பல்கலைக் கழகம் தோன்றியவுடன் நிகழ்ந்த முதல் பி.ஏ. தேர்வை எழுதித் தேறினர். அவருள் தாமோதரம் பிள்ளையவர்கள் பிற்காலத்தில் சைவ நெறிக்கே திரும்பினார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றுதலையே தம் வாழ்நாட் பணியாகவும் கொண்டார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு அவர் பெயர் பாடத்தின் ஒரு பகுதி. ஆயின் அவர் பட்டம் பெற்ற நாளிலே அப்பட்டத்தை அளித்த கழகத்திற்குத் தனக்கென்று ஒரு வீடு இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அஃது இரவல் இடங்களிலேயே காலங் கழித்தது.

அதன்பின் வந்த வீடுதான் செனெட் மண்டபம். 1874-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தொடங்கி 1879-இல் முடிந்தது. வகுப்பு நடத்தாத கழகத்திற்கு எத்தகைய வீடு வேண்டும்? நூற்றுக்கணக்கான இளைஞர் ஒருங்கே அமர்ந்து எழுதுதற்கு ஒரு பேரிடம். தேறியவர் அங்கி பூண்டு நின்று பட்டம் வாங்குதற்கும் அதே பேரிடம். கழக உறுப்பினர் கூடிப் பேசவும் கணக்கெழுதவும் சில அறைகள். இவ்வளவே. இந்த வேண்டுகோளை அப்படியே கல்லிலும் சாந்திலும் எழுதியதுதான் இம்மண்டபத்தின் அமைப்பு. நடுவே உள்ள பெரிய கூடம் 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். ஏழாயிரத்தைந்நூறு சதுர அடிக்கு மேற்பட்ட அப்பரப்பிலே ஆயிரத்தறுநூறு பேர் வரை அமரலாம் என்பர். ஐந்தடுக்கு வீடொன்றை அதனுள்ளே நிறுத்தினும் கூரையைத் தொடுதல் அரிது. மின்விசிறி இல்லாத காலத்தில், சித்திரை வெயிலிலும் உள்ளே இருப்பவர் மூச்சுவிடவேண்டுமே! வெப்பக் காற்று மேலே ஏறிப் போவதற்கு அவ்வுயரம் உதவுகிறது. பக்கங்களிலுள்ள தாழ்வாரங்கள் வெயில் சுவரின்மேல் நேரே படாதபடி காக்கின்றன. சாளரங்கள் கடற்காற்றை உள்ளே அழைக்கின்றன. நான்கு மூலைகளிலும் சதுரக் கோபுரங்கள் நின்று, குவிமாடங்களைத் தாங்குகின்றன. வண்ணக் கண்ணாடிகளும், சுவரிலும் கூரையிலும் தீட்டிய ஓவியக் கோலங்களும் பிறகு வந்து சேர்கின்றன. கிறிஸ்தவ ஆலயங்களில் வளர்ந்த என் போன்றார்க்கு அக்கூடத்தின் படத்தைக் கண்டவுடன், பீடமில்லாத ஆலயமொன்றின் நடுமண்டபம் போலத் தோன்றும். பீடம் இருக்க வேண்டிய இடத்திலே தேர்வுக் கண்காணிப்பாளர் அமர்ந்திருந்தார் என்று எண்ணிக்கொண்டால், அக்காலத்து மாணாக்கர் எத்துணை அச்சத்தோடு அதனுள் அடியெடுத்து வைத்திருப்பர் என்பது விளங்கும்.

ஆகவே இதனை முதற்கண் ஒரு தேர்வு வீடு என்று கொள்ள வேண்டும். இப்படிக் கொண்டபின், இதன் அழகைப் பற்றிப் பேசலாம்.

இதனை வகுத்தவர் இராபர்ட் சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். 1864-இல் சென்னை அரசாங்கத்தார் பிரெஸிடென்சிக் கல்லூரிக்கும் செனெட் மண்டபத்திற்கும் வரைபடம் வேண்டிப் போட்டி ஒன்று அறிவித்தனர். வங்காளத்தில் இருந்த இளைஞரான சிஷோமின் படங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவர் 1865-இற் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1870-இல் பிரெஸிடென்சிக் கல்லூரி எழுந்தது. அது இத்தாலிய நாட்டு முறையைத் தழுவியது. அந்நாட்டு மாளிகையொன்றைப் பெயர்த்து வந்து மெரீனாவில் நட்டாற்போல இருக்கும். நன்றாகத்தான் இருக்கும், ஆயினும் அஃது இந்த மண்ணை நோக்கி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதிலிருந்து வடக்கே நடந்து, ஆற்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைக் கடந்து, வாலாஜா சாலையையும் தாண்டினால் செனெட் மண்டபம். கால் நாழிகை நடையிலே ஒரே மனிதருடைய கைவேலை இரண்டைக் காண்கிறோம். இரண்டும் ஒருவருடையன என்று சொன்னால் நம்புவார் சிலரே.

இடைப்பட்ட சில ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? சிஷோம் நடந்தார், பார்த்தார், கற்றார். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, மதுரையிலே பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட விரும்பி அப்பணியைச் சிஷோமிடம் ஒப்புவித்தார். 1636-இல் முடிந்த அம்மகாலின் பருத்த தூண்களையும், அத்தூண்களைத் தழுவும் வளைவுகளையும், சுண்ணச் சாந்தில் இழைத்த வேலைப்பாடுகளையும் அளந்து, பழுது நீக்கிய கையே பிறகு செனெட் மண்டபத்தை வரைந்த கை. சேப்பாக்கம் அரண்மனையோ எதிரிலேயே இருந்தது. அதனையொட்டி வருவாய்த் துறைக் கட்டடத்தை அமைத்ததும் அவரே. திருவனந்தபுரத்து நேப்பியர் பொருட்காட்சிச் சாலைக்கு அவர் வகுத்த கூரை, மலையாள நாட்டு வீட்டுக் கூரையைக் கண்டு கற்றது. சில ஆண்டுகள் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆசிரியராக வந்தவர் மாணாக்கரானார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இதனைப் பம்பாயோடு ஒப்பிட்டு நோக்கின் வேற்றுமை தெளிவாகும். பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தையும், 280 அடி உயரமுள்ள இராஜாபாய் கோபுரத்தையும் வகுத்தவர் சர் கில்பர்ட் ஸ்காட் என்னும் பேர்பெற்ற கலைஞர். அவர் பம்பாயைக் கண்ணாலும் கண்டதில்லை. இலண்டனில் இருந்தபடியே வரைந்து அனுப்பினார். மண்டபத்திற்குக் காவஸ்ஜி ஜெஹாங்கீர் இலட்ச ரூபாய் கொடுத்தார். பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பருத்தி வணிகர் நூலகத்திற்கு இரண்டு இலட்சமும், கோபுரத்திற்கு இரண்டு இலட்சமும் கொடுத்து, கோபுரத்திற்குத் தம் தாயின் பெயரைச் சூட்டினார். அவை அழகிய கட்டடங்களே. நம்மூர் வணிகருக்கு அத்தகைய வள்ளன்மை அன்று எழவில்லையே என்று ஏங்கவும் இடமுண்டு. எனினும் அவ்வழகு அஞ்சல் வழியே வந்த அழகு. நம் செனெட் மண்டபத்தின் அழகோ ஒருவர் இந்நாட்டில் இருந்து, வெயிலிற் காய்ந்து, மதுரைக்குச் சென்று கண்டு திரும்பியதனால் விளைந்தது.

இந்தக் கலவையைக் குறை கூறுவார் உளர். நடை ‘இந்தோ-சாரசெனிக்’ என்பார்கள். முகலாயமும் பைசாந்தியமும் தென்னாட்டுச் சிற்பமும் கலந்த கதம்பம். ஒன்றிலும் தூய்மை இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. தமிழ் பயில்வோர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. நம் உரைநடை வரலாற்றிலே இதே வழக்கு நெடுங்காலம் நடந்திருக்கிறது. முத்தும் பவளமும் மாறி மாறிக் கோத்தாற்போல வடசொல்லும் தமிழ்ச் சொல்லும் நிரவி வந்த மணிப்பிரவாள நடையை நாம் படித்திருக்கிறோம். அதனைப் படிக்கும்போது எனக்கு உண்டாகும் சலிப்பைச் சொல்லத் தயங்கேன். ஆனால் மொழிக்கலப்பு எல்லாம் மணிப்பிரவாளம் ஆகாது. வடசொல் தன் எழுத்தை நீக்கிக்கொண்டு தமிழ் எழுத்தை உடுத்து வந்தால் அதனையும் செய்யுட்குரிய சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் சேர்த்துக்கொள்ளவில்லையா? திசைச்சொல்லுக்கும் இடங் கொடுக்கவில்லையா? வந்த சொல் நம் ஓசைக்கு இணங்கிற்றா, இணங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதே கேள்வி. அதே அளவுகோலைக் கட்டடத்திற்கும் இடலாம். செனெட் மண்டபத்தின் கற்றூண்கள் வளைவைத் தாங்குகின்றன; வெறும் அணியாக ஒட்டப்பெறவில்லை. தாழ்வாரம் வெயிலைத் தடுக்கிறது. குவிமாடமோ சேப்பாக்கத்து அரண்மனைக்கு அயல்வீடு. ஆதலின் இவை துருத்திக்கொண்டு நிற்பன அல்ல. மூலைக் கோபுரங்களைப் பொறுத்தமட்டில் எனக்குச் சிறிது ஐயம் உண்டு. அவை கூடத்தின் தேவையினால் எழுந்தனவா, கடலிலிருந்து காண்பார் கண்ணுக்காக எழுந்தனவா? பின்னதே என்று நினைக்கிறேன். அதனை மன்னித்துவிடலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வடக்குத் தாழ்வாரத்திலும் தெற்குத் தாழ்வாரத்திலும் உள்ள பெருந்தூண்களிலே செதுக்கப்பெற்றுள்ள உருவங்களை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் எவரும் செதுக்கவில்லை. கோயிற் பணியிலே தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம் நாட்டுக் கல்தச்சரின் உளியைத் தவிர வேறெந்த உளி அவ்வேலையைச் செய்திருக்கும்? ஆனால் இம்மண்டபத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்களிலும் கட்டுரைகளிலும், இக்கட்டுரை உள்பட, வருகிற பெயர் சிஷோம் ஒன்றே. போட்டிக்குப் பரிசு கொடுத்தார்கள். கவர்னர் பெயரைப் பதிவு செய்தார்கள். தூணைச் செதுக்கியவனுடைய நாட்கூலியை மட்டும் எழுதி முடித்தார்கள். ஆங்கிலேயர் பெருமை, நம்மவர் பெருமை என்று வாதிடுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. நம்மவர் பெருமை என்று நாம் நெஞ்சு நிமிர்த்தும் அந்த நம்மவர் யார் என்று ஒருவர் கேட்டால், ஒரு பெயரையேனும் சொல்ல நம்மால் இயலுமா?

மண்டபத்திலே பிறகு நிகழ்ந்தவற்றை விரிப்பிற் பெருகும். மைசூர், ஹைதராபாத், ஆந்திரம், திருவாங்கூர் ஆகிய இடங்களில் தனித்தனிப் பல்கலைக் கழகங்கள் எழுவதற்கு முன்னே, தென்னாடு முழுவதும் பட்டத்திற்கு இவ்வாசலையே நோக்கியிருந்தது. 1937-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய சட்டசபை, இராஜாஜி முதன்மந்திரியாய் இருந்தபோது, சிலகாலம் இம்மண்டபத்திலேயே கூடியது. பட்டம் வாங்கும் இடம் சட்டம் இயற்றும் இடமாகவும் இருந்தது; பெருங்கூடம் ஒன்றைக் கட்டி வைத்ததன் பயன் அது.

தேர்வு வீட்டின் வரலாற்றில் யான் மறக்கவொண்ணாதது இராமாநுசன் கதை. எப்.ஏ. தேர்விலே கணிதம் ஒழிந்த பாடங்களிற் கருத்துச் செலுத்தாமையால் அவர் தேறவில்லை. ஒருமுறையன்று, மீண்டும் எழுதியும் தேறவில்லை. தேர்வையே தன் உயிராகக் கொண்ட கழகம் அவர்க்குக் கதவை அடைத்தது. ஆனால் 1913-இல் அதே கழகம், பட்டம் ஒன்றும் இல்லாத அவர்க்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிப் பணம் அளித்தது. அடுத்த ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தேர்வு எழுதி எழுதியே வளரும் நாம் இக்கதையைச் சொல்லி மகிழ்வது உண்டு. ‘பார்த்தாயா, தேர்விலே என்ன இருக்கிறது’ என்று தேறாத நண்பனைத் தேற்றுவதும் உண்டு. யான் இதில் காண்பது வேறு. தன் விதியைத் தானே தளர்த்திக்கொள்ளும் துணிவு அந்தக் கழகத்திற்கு ஒரு நாளேனும் வந்தது. வராதிருந்தால் அந்தப் பெருங்கூடம் வடிகட்டும் சல்லடை என்பதற்குமேல் வேறொன்றும் ஆகியிராது.

இனி இன்றைய நிலை. பல்கலைக் கழகத்தின் நூற்றாண்டு நினைவாக எழுந்த நூற்றாண்டு மண்டபத்திற்குப் பட்டமளிப்பு விழா பெயர்ந்துவிட்டது. தேர்வுகள் அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கின்றன. எந்த இரண்டு தொழிலுக்காகச் செனெட் மண்டபம் கட்டப்பெற்றதோ அவ்விரண்டும் அதனை விட்டு நீங்கின. நெடுநாள் கவனிப்பாரின்றிப் பழுதுற்றிருந்த கட்டடத்தை, பல்கலைக் கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி 2006-ஆம் ஆண்டு வாக்கிலே வல்லுநரைக் கொண்டு செப்பனிட்டனர். வண்ணக் கண்ணாடிகள் மீண்டும் ஒளிர்ந்தன. மறைந்திருந்த ஓவியங்கள் வெளிப்பட்டன. அப்பணியைச் செய்தவர்க்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் செப்பனிட்ட பின்பும் அது மாணாக்கர் நாடோறும் புகுந்து புழங்கும் இடமாகவில்லை. ஏதேனும் சிறப்பு நிகழ்ச்சி நேர்ந்தாலன்றி அதன் கூடம் வெறுங்கூடமே.

கட்டடத்தைக் காப்பது என்றால் அதனைப் பூட்டி வைப்பது என்று பொருள் கொள்வாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் சொல்லும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாணாக்கர் கூட்டம் எத்தகையது என்று மாணாக்கராகிய நமக்கே தெரியும். பெஞ்சு மேலே பெயர் கீறாதவர் நம்மில் யார்? நூற்றைம்பது ஆண்டுச் சுவரில் ஒருவன் தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் எழுதிவிட்டுப் போனால் அதனை எவ்வாறு அழிப்பது? வண்ணக் கண்ணாடி உடைந்தால் ஈடு செய்வார் யார்? அஃதன்றியும், புழக்கத்தில் இருப்பதனாலேயே ஒரு கட்டடம் பிழைத்துவிடும் என்பதும் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகாலில் அரசாங்க அலுவலகங்கள் இயங்கிவந்தன. 2012 ஜனவரியில் அது தீக்கிரையாயிற்று. பின்னர் அதனை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. எனவே ஏதோ ஒரு புழக்கம் வேண்டும் என்று யான் கேட்கவில்லை. கோப்புக் கட்டுகளை அடுக்கவும், பழைய நாற்காலிகளைப் போட்டுவைக்கவும் செனெட் மண்டபத்தைத் திறப்பதைவிடப் பூட்டி வைப்பது ஆயிரம் மடங்கு மேல்.

ஆயின் பயனற்றுப்போன கட்டடத்திற்கு நேரக்கூடிய இன்னொரு கதியையும் நினைவிற் கொள்ள வேண்டும். கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் செனெட் மண்டபம், கிரேக்க முறைத் தூண்கள் நிரையாக நிற்க, காலேஜ் தெருவிலே நம் மண்டபத்திற்கு ஏறக்குறைய ஒத்த வயதினதாய் இருந்தது. 1857-இல் ஒருங்கே பிறந்த மூன்று கழகங்களும் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே தத்தமக்கு வீடு கட்டிக்கொண்டன. கல்கத்தா வீடு வால்டர் கிரான்வில் என்பார் வகுத்தது. நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று எழுப்புவதற்காக 1960-இல் அதனை இடித்துவிட்டார்கள். பம்பாய் மண்டபமும் கோபுரமும் நிற்கின்றன. கோபுரத்தின் கீழே நூலகம் இருந்ததனால் ஓதுவார் ஓதிக்கொண்டிருந்தனர். கோபுரத்தை அண்மையிற் செப்பனிட்டும் இருக்கிறார்கள். மூன்றில் ஒன்று மாண்டது, ஒன்று வாழ்கிறது, நம்முடையது உறங்குகிறது.

யான் வேண்டுவது மூன்று காரியம், மூன்றும் சிறியன. பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் யாவும், வெளியூர்க் கல்லூரிகள் உள்பட, முறைவைத்து ஆண்டில் ஒரு நாள் தம் மாணாக்கரை இம்மண்டபத்திற்கு அழைத்து வரலாம். நாற்பது பேர் போதும். நாற்பது பேரைக் கண்காணிக்க இரண்டு ஆசிரியரால் முடியும். அவர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகக் கூடாது. அக்கூடத்திலே அமர்ந்து ஒரு பேருரை கேட்க வேண்டும். அல்லது தாமே ஒரு கட்டுரை படிக்க வேண்டும். பட்டமளிப்பு விழா முழுவதையும் திரும்ப இங்கே கொண்டுவருதல் இயலாது. இக்காலத்துப் பட்டதாரிகளின் தொகைக்கு ஆயிரத்தறுநூறு இருக்கைகள் எம்மூலைக்குக் காணும்? ஆனால் ஆராய்ச்சிப் பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வுகளுள் ஒன்றிரண்டையாவது, பலரும் வந்து கேட்கும்படி, இங்கே நடத்தலாம். தேர்வு வீட்டுக்கு அதுவே ஏற்ற தொழில். எழுத்துத் தேர்வு முறையினால் வெளியே தள்ளப்பட்டவர்க்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைக்கும்.

மூன்றாவது, கல்தச்சரைப் பற்றியது. பொதுப்பணித் துறையின் பழைய கணக்கேடுகள் அரசாங்க ஆவணக் களரியிலே அடுக்கடுக்காக இருக்கின்றன. வரலாற்று ஆனர்ஸ் மாணாக்கர் இருவரும், அவர்க்குத் துணையாகப் பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகிய தமிழ் மாணாக்கர் ஒருவரும் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால், 1874 முதல் 1879 வரை சேப்பாக்கத்திலே கூலி வாங்கிய கொத்தருடைய, தச்சருடைய பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். அகப்பட்டால் அவற்றைத் தாழ்வாரத்துத் தூணருகே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். இப்பணிக்கு யாரேனும் முன்வந்தால் அம்மூன்றாம் மாணாக்கனாக யான் வரச் சித்தமாயிருக்கிறேன்.

அக்கூடத்தில் முதற் பேருரைக்கு எதனைப் பொருளாகக் கொள்ளலாம் என்று எவரேனும் என்னைக் கேட்பாராயின், தாமோதரம் பிள்ளையவர்களின் பதிப்புக்கள் என்பேன். அவர் கலித்தொகையை 1887-இலும், சூளாமணியை 1889-இலும் அச்சேற்றினார். அப்போது செனெட் மண்டபத்தின் செங்கல் இன்னும் புதிதாகவே இருந்திருக்கும். அவர் பட்டம் பெற்ற காலத்திலோ அவ்விடத்தில் மண்டபமும் இல்லை, அதன் எதிரே இன்று நாம் உலாவும் மெரீனாச் சாலையும் இல்லை, மணலும் கடலும்தாம்.